அமெரிக்கத் தேர்தலும் என் வாயும்

அமெரிக்க எல்லைக்கு இந்தப் பக்கம், எங்கள் அஜின்கோர்ட் ஊர்க் கோப்பிக்கடை டிவியில் அமெரிக்க இடைத்தவணைத் தேர்தல் செய்தி வந்தால், கம்பளித்தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றே பார்ப்பார் ஓர் அண்ணை. எட்டாம் வகுப்பைத் தாண்டாத நான்தான் அங்கே அரசியல் நிபுணர். ஒருநாள் என்னிடம் கேட்டார்.

“தம்பி, மகன் அமெரிக்காவில அகதிக் கேஸோட நிக்கிறான். அங்கத்தைப் பாராளுமன்றம், அந்தக் காங்கிரஸ், மற்றக் கட்சியின்ர கைக்குப் போனா அவனைத் திருப்பி அனுப்பமாட்டாங்கள்தானே?”

“ஓம் அண்ணை, ஒருத்தரும் தொடமாட்டாங்கள்.” எனக்கென்ன தெரியும், வாய் இருந்தது, சொன்னேன்.

மறுநாள் எனக்கும் ஒரு கோப்பி வாங்கி நீட்டினார். “நீர் சொன்னதை அவனுக்குச் சொன்னன். இனி வக்கீல் தேவையில்லை எண்டும் சொல்லிப்போட்டன்.”

கோப்பியை மேசையில் வைத்தேன். “ஐயோ அண்ணை, நான் சும்மா அலட்டினது. வக்கீலை விடவேண்டாம்.”

“உமக்குத் தன்னடக்கம் கூடிப்போச்சு,” என்று சிரித்தார்.

மகனின் நம்பரைத் தாருங்கள், நானே சொல்கிறேன் என்று இன்றும் கெஞ்சுகிறேன். தரமாட்டாராம். என்னைப் போன்ற படித்த மனிதரைத் தொல்லைப்படுத்தக் கூடாதாம்.