கால்வாய் தாண்டிய பூனை

எங்கள் வீட்டுப் பூனையை ஒருமுறை நாடு கடத்தினார்கள்.

நாடு கடத்துவது என்றால் என்னவென்று அந்த வாரம்தான் பள்ளியில் சொல்லியிருந்தார்கள். கடத்துவது என்றால் தாண்ட வைப்பது. எல்லைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டு, திரும்பி வராதே என்று சொல்லிவிடுவது. அந்தக் காலத்து ராஜாக்கள் செய்தது என்றார் டீச்சர். எங்கள் வீட்டில் அத்தை செய்தாள். அவள் வறுத்து வைத்த மீனைப் பூனை தின்றுவிட்டது.

அத்தை, அப்பாவுக்கு அக்கா. படாளத்தில் கட்டிக்கொடுத்திருந்தது. கொஞ்ச நாளாக எங்களோடு இருந்தாள். ஏன் என்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

தண்ணீர் தாண்டின பூனை திரும்பாது என்பார்கள் எங்கள் பக்கம். கோணியில் கட்டிச் சுற்றிவிட்டால் திசையும் மறந்துபோகுமாம். எங்களுக்குத் தண்ணீர் என்றால் பக்கிங்காம் கால்வாய். அதற்கு அந்தாண்டை கடல்.

சித்தப்பா மொபெட்டில் கோணியை மாட்டினார். நான் அழுதேன்.

"திரும்பி வரக்கூடாதுன்னு அதுக்கு யாரு சொல்றது?"

"நான் சொல்லிட்டு வர்றேன். நீ மூக்கத் தொடைடீ."

மீன் திருடிய குற்றத்துக்கு, மீன் காயும் ஊரிலேயே கொண்டுபோய் விட்டார். எந்த ராஜாவும் இப்படி ஒரு தண்டனை கொடுத்திருக்க மாட்டார். ஆனால் வெறுங்கோணியோடு திரும்பும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை. கரையில் சங்கரா மீன் மலிவு. வாங்கி அதே கோணியில் போட்டு, வண்டியில் மாட்டிவிட்டு டீ குடிக்கப் போயிருக்கிறார். பூனைக்குத் திசை மறந்திருக்கலாம். வாசனை மறக்கவில்லை.

வாசலில் கோணியை இறக்கினார். பூனை வெளியே வந்து வாயை நக்கியது.

"இன்னாடா இது?" என்றாள் அத்தை.

"கோணி கனமா கீதேன்னு பாத்தேங்கா. மீன்காரம்மா கூட ரெண்டு போட்டுச்சின்னு நெனச்சிக்கினேன்."

அம்மா சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே ஓடினாள். சித்தப்பா வண்டியைத் திருப்பினார்.

"இன்னொரு தபா வுட்டுட்டு வர்றேன். இந்த தபா டீ குடிக்க மாட்டேன்."

"வேணாம்டா. அதான் வந்துடுச்சில்ல. இருந்துட்டுப் போவட்டும்" என்றாள் அத்தை.

அன்றைக்குக் குழம்பில் பூனைக்கு நடுத்துண்டு. எனக்கு வால். காலையில் பூனைக்காக அழுத நான், சாயங்காலம் அந்தத் துண்டுக்காக அழுதேன்.

"திருட்டுப் பூனைக்கு நடுத்துண்டா அத்த?"

அத்தை சட்டிக்குள் கரண்டியை விட்டாள். இன்னொரு துண்டையும் பூனைக்கே போட்டாள்.

படாளத்தில் அவளைப் பஸ் ஏற்றிவிட்டவர்களும் திரும்பி வராதே என்றுதான் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அது எனக்குத் தெரிய வந்தபோது, பூனை குட்டி போட்டு, குட்டிகளும் அத்தையிடம் மீன் திருட ஆரம்பித்திருந்தன.