வயலில் ஆள் இல்லை

வினார்சிக்கு வானத்தின் மேல் கோபம் வந்து பல வருஷமாகிறது. வானத்தில் என்ன வேண்டுமானாலும் வந்து போகலாம், அதற்கு முழு உரிமை உண்டு, ஆனால் வருவதெல்லாம் ஏன் கடைசியில் விடிவெள்ளியாகவே போய்த் தொலைகிறது என்பதுதான் அவளுடைய ஆத்திரம்.

ஜாவாத் தீவின் ஜோக்ஜா நகரத்தில், பல்கலைக்கழகத்தின் பின்வாசலுக்கு எதிரே அவள் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தாள். முன்பக்கம் ஆய்வேடு பைண்டு செய்ய வரும் பிள்ளைகளின் கூட்டம் எப்போதும் நெரியும். பின்பக்கம் ஓர் இரும்பு பீரோ. பறக்கும் தட்டு பார்த்ததாகச் சொல்பவர்களை நேரில் போய் விசாரிக்கும் தன்னார்வக் குழுவின் மொத்தச் சொத்தும் அந்த பீரோதான். ஆரம்பித்தபோது குழுவில் பத்தொன்பது பேர். இப்போது ஐந்து பேர். அதிலும் இரண்டு பேர் வாட்ஸ்அப்பில் காலை வணக்கம் போடுவதோடு சரி.

இருபத்திரண்டு வருஷத்தில் முந்நூற்று நாற்பத்தொரு கோப்புகள். விடிவெள்ளி மட்டும் நூறைத் தாண்டும். கல்யாண வீட்டில் விட்ட காகித விளக்கு, பேரங்காடி மொட்டைமாடியின் லேசர், ட்ரோன், கோழிக்கூண்டு பல்பின் பிம்பம் ஜன்னல் கண்ணாடியில் விழுந்தது, விளக்கு கட்டிய பட்டம் என்று மீதி. மழையில் நனைந்து, மோட்டார் சைக்கிளில் முதுகு ஒடிய நாற்பது, ஐம்பது கிலோமீட்டர் போய், உண்மையைக் கண்டுபிடித்துச் சொன்னால் யாராவது நன்றி சொல்கிறார்களா? ஸ்லெமான் பக்கத்தில் ஒரு விதவை, கணவர் வெட்டிய மீன்குளத்துக்கு மேலே தினமும் ஒரு வெளிச்சம் வந்து நிற்பதாகச் சொன்னாள். வினார்சி மூன்று நாள் போய்ப் பார்த்துவிட்டு, அது வெள்ளி கிரகம் என்று பக்குவமாகத்தான் எடுத்துச் சொன்னாள்.

"அப்போ எங்க வீட்டுக்காரர் வரலேங்கிறியா?" என்றாள் அந்த அம்மாள். "நல்லாயிருப்பே, கிளம்பு" என்று கதவைச் சாத்தினாள்.

"உனக்கு யாரும் காசும் தர்றதில்ல, ஒரு டம்ளர் டீயும் தர்றதில்ல. நாலு பேரோட சந்தோஷத்தைக் கெடுக்கிறதுக்கு இவ்வளவு பெட்ரோல் செலவா, டிக்?" என்று கணவர் சுகம்தோ அன்று சிரித்தார்.

"நீங்க டோனர் மாத்துங்க, மாஸ்" என்றாள் அவள். ஜாவாவில் கணவன் மனைவியை 'டிக்' என்பான், மனைவி கணவனை 'மாஸ்' என்பாள்.

அவள் இன்னும் விடாமல் இருந்ததற்கு ஒரே காரணம் பதினேழாம் எண் கோப்பு. முந்நூற்று நாற்பத்தொன்றில் அது ஒன்றில்தான் முடிவு என்ற கட்டத்தில் 'விளங்கவில்லை' என்று இருந்தது. அதிபரை மக்களே முதன்முதலாக நேரடியாகத் தேர்ந்தெடுத்த அந்த 2004-இல், ஜூலை பன்னிரண்டாம் தேதி, தெற்குக் கடலோரத்தில் சும்பர்வாரு என்ற ஊரில், ஹர்ஜோ என்ற கணக்கு வாத்தியார் வீடு திரும்பும் வழியில் ஒரு சிவப்பு ஒளியைப் பார்த்தார். அந்தித் தொழுகை முடிந்து இருட்டும் நேரம். ஒளி நாற்பது நிமிஷம் வயலுக்கு மேலே நின்றது, பக்கவாட்டில் நழுவியது, இறங்கியது, ஏறியது. சத்தம் இல்லை. வாத்தியார் குடிக்காதவர், பொய் சொல்லாதவர், நேரத்தையும் கோணத்தையும் டைரியில் குறித்து வைத்தவர். அப்படி ஒரு சாட்சி எந்தக் குழுவுக்கும் லேசில் கிடைக்காது.

விசாரித்தவள் வினார்சிதான். அவள் அப்போது மிகவும் கறாரான ஆள். சாட்சியிடம் எந்தப் பொருளின் பெயரையும் நாமாகச் சொல்லக்கூடாது என்பது அவள் கொண்டுவந்த விதி. 'விமானமா?' என்று கேட்டால் மனுஷன் மரியாதைக்கு 'ஆமாம், விமானம்தான்' என்று தலையாட்டிவிடுவான், ஜாவாக்காரனின் பணிவு அப்படி. அதனால் ஊரில் வீடு வீடாகப் போய் ஒரே கேள்வி கேட்டாள். அந்தித் தொழுகைக்குப் பிறகு வயலில் யாராவது இருந்தீர்களா? யாரும் இல்லை. அந்த நேரத்தில் யார் இருப்பார்கள்? குழந்தைகளைக் காற்று கருப்பு அண்டாமல் வீட்டுக்குள் இழுத்துப் போட்டுக் கதவடைக்கும் நேரம் அது. படிவத்தில் 'பட்டம்' என்ற கட்டத்துக்கு எதிரே அவளே தன் கையால் எழுதினாள்: வாய்ப்பில்லை. வயலில் ஆள் இல்லை.

அதன்பிறகு வருஷம் தவறாமல் ஜூலை பன்னிரண்டாம் தேதி வாத்தியார் கடைக்குத் தொலைபேசுவார்; அவளை 'பு', அதாவது அம்மா, என்று அழைப்பார், அவள் அவரை 'பாக்', அதாவது ஐயா, என்பாள். "நிலைமை எப்படி, பு? அப்படியேதானா?"

"அப்படியேதான், பாக்" என்பாள் அவள். அந்த ஒரு நாள் மட்டும் அவளுக்கு வானத்தின் மேல் கோபம் இருக்காது.

இந்த வருஷம் தீவு முழுவதும் உள்ள குழுக்கள் சேர்ந்து ஒரு புத்தகம் போடுவதாக முடிவாயிற்று. குழுவுக்கு ஒரு கோப்பு, விளங்காதது மட்டும். குழுத் தலைவர் பிரசோஜோ, ஓய்வுபெற்ற வங்கிக் குமாஸ்தா, மீசையை முறுக்கிக்கொண்டார். "நம்மகிட்ட இருக்கிறது ஒண்ணுன்னாலும் தங்கம், பு. வாத்தியார்கிட்ட ஒரு கையெழுத்து மட்டும் வாங்கிட்டு வந்துடுங்க. சனிக்கிழமை அச்சுக்குப் போகுது."

வியாழக்கிழமை மதியம் அவள் கிளம்பினாள். சும்பர்வாருவை நெருங்கும்போது வெயில் மண்டையைப் பிளந்தது. வயலோரத்தில் ஓர் இளநீர்க் கடையில் வண்டியை நிறுத்தினாள். நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் காயைச் சீவிக் கொடுத்தார். குடித்துக்கொண்டே எதிரே இருந்த தென்னை மரத்தைப் பார்த்தாள். இடுப்பளவு உயரத்தில் மரத்தைச் சுற்றி ஒரு நைலான் கயிறு கட்டியிருந்தது. கயிறு சாய்வாக மேலே போயிற்று. அதன் நுனியில், கண்ணை இடுக்கினால்தான் தெரியும் உயரத்தில், கருப்பாக ஒரு பட்டம் அசையாமல் நின்றது. பக்கத்தில் ஆளே இல்லை.

"யாரோட பட்டம் இது?"

"என்னோடதுதான், பு. காத்து புடிச்சதும் மரத்துல கட்டிட்டு வியாபாரத்தைப் பார்ப்பேன். விடியவிடிய அது பாட்டுக்கு நிக்கும்."

"ராத்திரியிலயுமா?"

"கீழே விழுந்துச்சா, நிக்குதான்னு வீட்டுல இருந்தே பார்க்கணும்ல. அதுக்கு ஒரு சிவப்பு லைட்டு. இப்போ பயலுங்க கலர்கலரா சரம் கட்டுறானுங்க. இந்த ஊர்ல முதமுதல்ல கட்டினது நான்தான். சைக்கிளோட பின் விளக்கைக் கழட்டி, ரெண்டு பேட்டரி வச்சு."

எந்த வருஷம் என்று கேட்கவே அவளுக்குப் பயமாக இருந்தது. கேட்டாள்.

"அதிபர் தேர்தல்ல விரலுக்கு மை வச்சிட்டு வந்த அடுத்த வாரம். என் மூத்தவ அப்போ வயித்துல." அவர் கத்தியைத் துடைத்தார். "உங்களை எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, பு. நோட்டுப் புத்தகத்தோட என் வீட்டு வாசல்ல வந்து நின்னீங்களே. பேரு துகிரான்னு எழுதிக்கிட்டீங்க."

"உங்ககிட்ட நான் கேட்டேனா?"

"கேட்டீங்க. சாயங்காலத் தொழுகைக்கு அப்புறம் வயல்ல இருந்தியான்னு கேட்டீங்க. நான் வீட்டுல சாப்பிட்டுட்டு இருந்தேன். இல்லேன்னு சொன்னேன். எழுதிட்டுப் போயிட்டீங்க."

"பட்டம் மேல நிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா மனுஷா?"

"பட்டத்தைப் பத்தி நீங்க கேக்கலையே, பு."

வினார்சி தலையில் அடித்துக்கொண்டாள். நிஜமாகவே அடித்துக்கொண்டாள், தலைக்கவசம் மேல் அடி விழுந்து கை வலித்தது.

"அப்புறம் தெரிஞ்சிருக்குமே. வாத்தியார் பார்த்தது என்னன்னு ஊரே பேசியிருக்குமே. இருபத்தொரு வருஷம்!"

துகிரான் சீவாத காய் ஒன்றைக் கையில் எடுத்துத் திரும்ப வைத்தார். "பேசினாங்க. தட்டு வாத்தியார்னு பட்டப்பேர் வச்சாங்க. எனக்குச் சந்தேகம்தான். ஆனா அவர் எனக்குக் கணக்கு சொல்லிக்குடுத்தவர். நீங்க பார்த்தது வேத்துலகத்துக் கப்பல் இல்ல, கணக்குல ரெண்டு தடவை முட்டை வாங்கின துகிரானோட பிளாஸ்டிக் பட்டம்னு நான் எந்த மூஞ்சியோட போய்ச் சொல்றது?"

அவள் வண்டிக்குப் பக்கத்தில் நின்று பிரசோஜோவுக்குத் தொலைபேசினாள். அவர் முழுவதையும் கேட்டார்.

"நூறு சதவீதம் நிரூபணம் ஆகலையே, பு. பழைய பேட்டரி, பழைய ஆள், பழைய ஞாபகம். புத்தகம் வரட்டும். அப்புறம் பொறுமையா விசாரிப்போம்."

"அந்த வார்த்தையை நீங்க மத்த முந்நூத்து நாப்பது பேர்கிட்டயும் சொல்லலையே, பாக்."

"அதுலயெல்லாம் நமக்கு என்ன இருந்துச்சு? இது ஒண்ணுதானே நமக்குன்னு இருக்கு."

அதுதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் சொன்னது அவளுடைய நெஞ்சிலும் இருந்தது. பத்து வருஷமாக விளக்குப் பட்டக் கோப்புகள் இருபத்தொன்பதை அவளே முடித்திருக்கிறாள். ஒரு நாளாவது பதினேழை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தோன்றியதா? தோன்றியது. தோன்றியபோதெல்லாம் பீரோவைச் சாத்திவிட்டு வேறு வேலை பார்த்தாள். 'ஆள் இல்லை' என்று எழுதிய கை அவளுடையது, அது போதும் என்று இருந்துவிட்டாள்.

வாத்தியார் பாத்திக் சட்டை போட்டு, தலைமுடியை எண்ணெய் வைத்துப் படிய வாரி, முன்னறையில் காத்திருந்தார். வயது எழுபத்தாறு. மேஜையில் பேனா தயாராக இருந்தது. அவருடைய மனைவி சுமிரா சர்க்கரை தூக்கலான டீயும் சுடச்சுடப் பொரித்த சோயா தெம்பேயும் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதவோரம் நின்றார்.

"கையெழுத்து எங்க போடணும்?" என்றார் ஹர்ஜோ.

பையில் இருந்த காகிதத்தை எடுக்காமல் விடலாம். எடுத்து ஒன்றும் சொல்லாமல் நீட்டவும் செய்யலாம். இந்த மனிதருக்கு இந்த வயதில் மிச்சம் இருக்கும் ஒரே பெருமையை உடைத்து என்ன ஆகப்போகிறது என்று அவள் யோசித்தாள். மீன்குளத்து அம்மாள் கதவைச் சாத்தியது காதில் கேட்டது. டீயை ஒரு வாய் குடித்துவிட்டுச் சொல்லிவிட்டாள். தென்னை மரம், கயிறு, சைக்கிள் விளக்கு, துகிரான், எல்லாம்.

வாத்தியார் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"எந்தத் தென்னை? பம்பு ரூமுக்குப் பக்கத்துல இருக்கிறதா?"

"ஆமா, பாக்."

"கயிறு எவ்வளவு?"

"இருநூறு மீட்டர்னு சொன்னார்."

அவர் பேனாவை எடுத்து, கையெழுத்துப் போட வேண்டிய தாளுக்குப் பதிலாகச் செய்தித்தாளின் ஓரத்தில் ஒரு முக்கோணம் வரைந்தார். அன்று டைரியில் குறித்த கோணத்தை எழுதினார். பெருக்கினார். விடைக்குக் கீழே இரண்டு கோடு போட்டார். பிறகு கதவுப் பக்கம் திரும்பினார்.

"சுமிரா. கேட்டியா? இருந்துச்சு."

அந்த அம்மாள் முக்காட்டு நுனியால் வாயை மூடிக்கொண்டார்.

"இவ என்னை மூணு கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனா, பு. ரெண்டு பெரியவர்கிட்ட சொல்லி ஓதித் தண்ணி தெளிக்க வச்சா. மோட்டார் சைக்கிளை வித்துட்டா. மேல ஒண்ணும் இல்ல, உங்களுக்குத்தான் ஏதோ ஆயிடுச்சுன்னு சொல்லிச் சொல்லி." அவர் விடையின் மேல் விரலை வைத்தார். "இருந்துச்சு. அந்த இடத்துல, அந்த உயரத்துல, ஒரு சிவப்பு விளக்கு இருந்துச்சு."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். வினார்சி பின்னாலேயே வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தாள். வெயில் தாழ்ந்து, காற்று வலுத்திருந்தது. இளநீர்க் கடைக்காரர் தூரத்தில் வாத்தியாரைக் கண்டதும் எழுந்து, கைகளை முன்னால் கட்டிக்கொண்டு தலையைக் குனிந்து நின்றார். நாற்பத்தைந்து வயது ஆள், காதோரம் நரைத்தவர்.

"துகிரான்."

"சொல்லுங்க, பாக்."

"பள்ளிக்கூடத்துலயும் நீ இப்படித்தான். விடை தெரிஞ்சாலும் கையைத் தூக்க மாட்டே."

"மன்னிச்சிடுங்க, பாக்."

"பட்டத்தை யாரு கட்டினா? நீயா? நல்லாத்தான் கட்டியிருக்கே." வாத்தியார் கயிற்றைத் தொட்டுப் பார்த்தார். அதன் அதிர்வு கைக்கு வந்ததோ என்னவோ, கையை எடுக்காமல் நின்றார்.

வினார்சி பழைய படிவத்தை எடுத்து வண்டியின் இருக்கையில் வைத்தாள். 'வாய்ப்பில்லை. வயலில் ஆள் இல்லை' என்பதைக் கோடு போட்டு அடித்தாள். மேலே 'பட்டம்' என்று எழுதினாள். சனிக்கிழமை புத்தகத்தில் அவர்கள் பெயர் இருக்காது, பிரசோஜோ பேச மாட்டார், பீரோவில் முந்நூற்று நாற்பத்தொன்றும் முடிந்துபோய்க் கிடக்கும். கோபம் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

"இங்க ஒரு கையெழுத்து, பாக்."

அவர் நிறுத்தி நிதானமாகக் கையெழுத்திட்டார். தேதியும் நேரமும் போட்டார்.

"எனக்கும் பத்து வருஷமா சந்தேகம் இருந்துச்சு, பு" என்றார். "பயலுங்க லைட்டுப் பட்டம் விட ஆரம்பிச்சதுல இருந்தே. ஆனா நீங்க நிபுணர்கள். பட்டம் இல்லேன்னு எழுதியிருந்தீங்க. மறுபடி பார்த்தீங்களான்னு நேரா கேக்கிறது மரியாதை இல்லையேன்னுதான் வருஷா வருஷம் போன் போட்டேன்."

"நான் வேற மாதிரி நினைச்சேன், பாக். அப்படியேதான் இருக்குன்னு கேட்டா உங்களுக்குச் சந்தோஷமா இருக்கும்னு..."

"சந்தோஷம் உங்க குரல்லதான் இருந்துச்சு" என்றார் வாத்தியார். குற்றம் சொல்லும் தொனி இல்லை. "அதைக் கேட்டுட்டு அதுக்கு மேல எப்படிக் கேக்கிறது?"

பள்ளிவாசலில் அந்தித் தொழுகைக்கு அழைத்தார்கள். துகிரான் கடையை மூடினார், வாத்தியாருடைய கையைப் பிடித்து வரப்பைத் தாண்டவைத்தார். இருவரும் ஊரைப் பார்த்து நடந்தார்கள். மேலே சிவப்பு விளக்கு தெரிய ஆரம்பித்திருந்தது. வினார்சி படிவத்தைப் பையில் வைக்க மறந்து, வயலோரத்தில் தனியாக அந்த விளக்கைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.