கரண்டி தொடாத நாலு நாள்

ஆலை கேன்டீனில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அண்டா மாஸ்டர் என்பார்கள். உருவத்துக்காக வைத்த பெயர் இல்லை; ஆள் ஒல்லி, பலமாகக் காற்றடித்தால் எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டிய உடம்பு. ஒரு ஷிப்டு முழுக்கச் சாப்பிடும் அளவுக்கு ஒரே அண்டாவில் சமைத்து, உப்பு சரியா என்று வாயில் வைத்துக்கூடப் பார்க்காமல் மூடி போட்டுவிடுவார். ஆவி மூக்கில் பட்டாலே அவருக்குப் போதும்.

சங்கடம் என்னவென்றால், அண்டாவைவிடச் சின்னப் பாத்திரத்தில் அவருக்குக் கை ஓடாது. கல்யாணமான புதிதில், மனைவிக்குக் காய்ச்சல் என்று ஒருநாள் வீட்டில் சூப் வைத்தார். மனைவி குடித்து, மாடிவீட்டுக்காரர்கள் குடித்து, எதிர்வீட்டுத் தையல்காரர் குடும்பத்தோடு வந்து குடித்து, மறுநாளும் மிச்சம் இருந்தது. அன்றைக்கே மனைவி கோடு கிழித்துவிட்டார். வீட்டு அடுப்படிப் பக்கம் வரக் கூடாது. காய்கறிக் கடைக்குப் போகவே கூடாது. கேன்டீனுக்கு வேண்டிய காய் மண்டியிலிருந்து வேனில் வந்து பின்வாசலில் இறங்கும். ஆக, ஒரு கிலோ தக்காளி கண்ணுக்கு எப்படித் தெரியும் என்பதே அந்த மனிதருக்குப் பழக்கமில்லை.

ஒரே மகள். கூரியர் அலுவலகத்தில் பார்சல்களைத் தெருவாரியாகப் பிரித்து அடுக்குகிற வேலை. வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் முழுக்கச் சிறுகச் சிறுகச் சேர்த்து, யாரிடமும் மூச்சு விடாமல், ஏரிக்கரையில் ஒரு ரிசார்ட்டில் நாலு நாளைக்கு இடம் பதிவு செய்துவிட்டு வந்து நின்றாள்.

"ஒரே ஒரு நிபந்தனைப்பா. நாலு நாளும் நீங்க கரண்டியைத் தொடக் கூடாது. ஊருக்கெல்லாம் ஆக்கிப் போட்டது போதும். நீங்க உக்காந்து சாப்பிடுறத நான் பாக்கணும்."

அவர் சிரித்துக்கொண்டே சரி என்றார். மனைவி மட்டும், இவர் கரண்டியை வீட்டில் விட்டுவிட்டு வந்தாலும் கை கூடவே வருமே என்றார்.

போய்ச் சேர்ந்த அன்றைக்கு எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. புல்வெளியைச் சுற்றிக் குட்டி வீடுகள். ஒவ்வொன்றிலும் ஒரு அறை, ஒரு மூலையில் மின் அடுப்பு, இரண்டு பாத்திரம், முழங்கால் உயரத்துக்கு ஒரு ஃப்ரிட்ஜ். நடுவில் நீச்சல் குளம். மனைவி அதைப் பார்த்ததுதான் தாமதம், விடுதியில் வாடகைக்குத் தருகிற நீச்சல் உடுப்பை வாங்கி மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். இடுப்பளவு தண்ணீரில் கம்பியைப் பிடித்தபடி நின்றாரே தவிர, கூப்பிட்டால் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சாயங்காலம் விடுதி உணவகத்தில் உட்கார்ந்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. வாடகையில் சாப்பாடும் சேர்த்தி என்று மகள் நினைத்திருந்தாள். காலையில் ஒரு காபியும் ரொட்டியும் மட்டும்தான் சேர்த்தியாம். விலைப்பட்டியலைப் பிரித்தவள் முகத்தில் ஈயாடவில்லை. வழியில் தின்ற பிஸ்கட்டே வயிற்றில் கிடக்கிறது என்று சொல்லி அப்பாவுக்கும் அம்மாவுக்கும் மட்டும் சாப்பாடு வரவழைத்தாள். பிஸ்கட் பாக்கெட் பிரிக்காமல் பையிலேயே இருந்தது மாஸ்டருக்குத் தெரியும்.

கை கழுவப் போனவர் திரும்பி வரும்போது, வரவேற்பு மேசையில் மகள் தணிந்த குரலில் கேட்டுக்கொண்டிருந்தாள். இரண்டே நாளில் கிளம்பிவிட்டால் மிச்சப் பணம் திரும்பக் கிடைக்குமா? நாளை மதியத்துக்குள் சொன்னால் கிடைக்கும் என்றார்கள். மாஸ்டர் தூணுக்குப் பின்னால் நின்றுவிட்டார். ஒரு வருஷமாகப் பிள்ளை கட்டிய ஆசை, ஒரு தட்டுச் சோற்றில் கவிழப் பார்க்கிறது. அவளிடம் போய் நான் கேட்டுவிட்டேன் என்று சொன்னால் இன்னும் கூனிக் குறுகுவாள். சொல்லவில்லை.

விடுதிக்குள்ளேயே ஒரு கடை இருந்தது. மறுநாள் விடிந்தும் விடியாததுமாக அங்கே போய்ப் பார்த்தார். ஒவ்வொரு தக்காளியும் மோதிரம் மாதிரி தனித்தனி டப்பாவில் இருந்தது. ஒரு வெங்காயத்துக்குக் கண்ணாடித் தாள் சுற்றி, மேலே நாடா வேறு. விலையைப் பார்த்துவிட்டு, எடுத்த வெங்காயத்தைத் தூங்குகிற குழந்தையைக் கிடத்துவதுபோல இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வெளியே வந்தார்.

வேறொருவராக இருந்தால் கடைத்தெரு எங்கே என்று வாசல் காவலாளியைக் கேட்டிருப்பார். மாஸ்டரோ விடுதிச் சமையலறையின் பின்வாசலுக்குப் போனார். எந்த ஊர்ச் சமையலறையானாலும் பின்வாசல் ஒன்றுதான்: காலி கிரேட்டுகள், ஈரத் தரை, சிகரெட் பிடித்துக்கொண்டு ஒரு வேன் டிரைவர். காய் இறக்கி முடித்துத் திரும்பப் போகிறவர். மண்டி எங்கே என்று கேட்டதும் டிரைவர் ஏற இறங்கப் பார்த்தார். கேன்டீனா என்றார். ஆமாம் என்றார் இவர். டிரைவர் முன்சீட்டில் இருந்த துண்டை எடுத்துவிட்டு இடம் கொடுத்தார். இன்னொரு நடை வர வேண்டியிருக்கிறது, திரும்பவும் கூட்டி வந்துவிடுகிறேன் என்றார்.

மண்டிக்குள் கால் வைத்ததும் மாஸ்டருக்குப் பிறந்த வீட்டுக்கு வந்ததுபோல ஆகிவிட்டது. கிரேட்டுகள் மலைபோல. லாரிச் சத்தம், மூட்டை விழுகிற சத்தம், யாரோ யாரையோ செல்லமாகத் திட்டுகிற சத்தம். காதில் பேனா செருகிய ஒரு வியாபாரி அம்மாள் ஸ்டூலில் உட்கார்ந்து அத்தனையையும் ஆண்டுகொண்டிருந்தார். மாஸ்டர் அவரிடம் விலை விசாரித்தார். விடுதிக் கடையில் கால் கூடை வராத காசுக்கு இங்கே கிரேட்டே வரும்போல இருந்தது. மாஸ்டருக்கு நெஞ்சு குளிர்ந்தது.

"எவ்வளவு போடட்டும்?" என்றார் அந்த அம்மாள்.

ஒரு கிலோ என்றுதான் சொல்ல வேண்டும். வேனில் வரும்போதே மனசுக்குள் சொல்லிப் பார்த்திருந்தார். சொல் வாயின் நுனி வரை வந்தது. சுற்றிலும் மூட்டை தூக்குகிறவர்கள், கிரேட் எண்ணுகிறவர்கள். அவர்கள் நடுவில் நின்று அந்த வார்த்தையைச் சொல்ல, வேலைக்குச் சட்டையில்லாமல் வந்துவிட்டதுபோலக் கூச்சமாக இருந்தது. மூணு பேருக்குத்தானே என்று அறிவு சொன்னது. கை தன்பாட்டுக்கு நீண்டு, அது ஒரு கிரேட், இது ஒரு மூட்டை, அந்தக் கோஸ் ஒரு வலைப்பை என்று காட்டிக்கொண்டே போனது. போதாததற்குப் பேரம் வேறு பேசினார். அவர் பேசப் பேச அந்த அம்மாளுக்கும் உற்சாகம் பிடித்து, ஆள் தொழில் தெரிந்தவர் என்று இன்னும் இறக்கிக் கொடுத்தார். கடைசியில் முட்டை அட்டைகளை வேனில் ஏற்றும்போதுதான், தான் செய்த காரியம் மாஸ்டருக்கே உறைத்தது. மகள் கொடுத்த கைச்செலவுக் காசு மொத்தமும் இப்போது வெங்காயமாக இருந்தது.

மனைவி அப்போதுதான் குளத்திலிருந்து ஏறி, துண்டைப் போர்த்திக்கொண்டு வந்துகொண்டிருந்தார். வீட்டு வாசலில் வேன் நின்றது. மூட்டை இறங்கியது. கிரேட் இறங்கியது. கதவைத் திறக்க முடியாதபடி கோஸ் இறங்கியது.

"என்னங்க, நம்ம ஆலைய இங்க மாத்திட்டாங்களா?"

"விலை மலிவா இருந்துச்சு," என்றார் மாஸ்டர்.

மனைவி வாசல்படியிலேயே உட்கார்ந்து, ஈரத் துண்டில் முகத்தைப் பொத்திக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார். மகள் சிரிக்கவில்லை. மூட்டையைப் பார்த்தாள், அடுப்பைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள்.

"நீங்க சமைக்கப் போறீங்க."

"இல்லம்மா."

"அப்புறம் இதெல்லாம் எதுக்கு? ரெண்டு நாள்ல கிளம்பிடலாம்ப்பா. நீங்க இங்க வந்தும் வெங்காயம் உரிச்சிட்டு நிக்கிறதப் பாக்க என்னால முடியாது."

சொல்லும்போதே அவள் குரல் உடைந்தது. மாஸ்டர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். தூணுக்குப் பின்னால் நின்று கேட்டதை இப்போது சொல்லிவிட்டார். நீ கொடுத்த நாலு நாளில் ஒரு நாளையும் திருப்பிக் கொடுக்க எனக்கு மனசில்லை, அதற்காகத்தான் போனேன்; கை கொஞ்சம் பெரிதாகப் போய்விட்டது என்றார்.

பக்கத்து வீட்டு ஜன்னலில் யாரோ திரைச்சீலையை விலக்கிவிட்டுச் சட்டென்று மூடினார்கள். அதைப் பார்த்துக்கொண்டே நின்ற மகளுக்கு என்னவோ பொறி தட்டியது. அலமாரியைத் திறந்து, அழுக்குத் துணி போட விடுதிக்காரர்கள் வைத்திருந்த துணிப்பைகளை எடுத்தாள். வரவேற்பில் போய் இன்னும் ஒரு கட்டு வாங்கி வந்தாள். பிறகு தரையில் உட்கார்ந்து, அலுவலகத்தில் பார்சல் பிரிக்கிற அதே வேகத்தில், தக்காளி இவ்வளவு, வெங்காயம் இவ்வளவு, முட்டை இவ்வளவு என்று பை பையாகப் போட்டு, ஒவ்வொன்றின் காதிலும் ஒரு வீட்டு எண்ணை எழுதினாள். பை ரெடியானதும் ஒவ்வொரு கதவாகப் போய்த் தட்டினாள்.

கதவு திறந்த வீடுகளில் எல்லாம் ஒரே கதைதான். பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற ரயில் கார்டும் அவர் மனைவியும். தாங்கள் டயட்டில் இருப்பதாகச் சொன்னார்கள். பின்னால் கட்டிலில் பாதி தின்ற ரொட்டிப் பொட்டலம் கிடந்தது. எதிரில் ஒரு புதுமணத் தம்பதி. தேனிலவுக்கு வந்தவர்கள், இரண்டு நாளாகக் கப் நூடுல்ஸில் காலம் தள்ளுகிறார்கள். ஒருவருக்கொருவர் தெரியாமல், ஊரே அறைக்குள் பதுங்கி ரொட்டி தின்றுகொண்டிருந்திருக்கிறது. மண்டி விலைதான், லாபமில்லை, பங்குக்கு உண்டானதைக் கொடுத்தால் போதும் என்று மகள் சொன்னதும், டயட்டில் இருந்த கார்டு இரண்டு பையாக வாங்கிக்கொண்டார்.

மதியத்துக்குள் புல்வெளி முழுக்க வெங்காயம் வதங்குகிற வாசனை. மாஸ்டர் வாசலில் பிரம்பு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்திருந்தாரே தவிர, உடம்பு ஒரு நிலையில் இல்லை. மூக்கு ஒவ்வொரு வீடாகப் போய் வந்தது. கார்டு வீட்டில் தீ அதிகம். அந்தக் கடைசி வீட்டில் முட்டையை இப்போது புரட்டியாக வேண்டும். இருக்கட்டும், இருக்கட்டும் என்று தொடையைப் பிடித்து அழுத்திக்கொண்டார். உள்ளே மனைவி, மண்டியிலிருந்து வந்த அரிசியில் மூன்று பேருக்கு அளவாக ஒரு சின்னச் சட்டியில் சோறு வைத்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் எதிர்வீட்டில் புகை அலாரம் அலறியது.

மாஸ்டர் எப்படி எழுந்தார், எப்படி அங்கே போனார் என்பது அவருக்கே தெரியாது. உள்ளே புது மாப்பிள்ளை கையில் கரண்டியோடு சிலைபோல நிற்கிறான். சட்டியில் வெங்காயம் கரியாகிக்கொண்டிருக்கிறது. மாஸ்டரின் கை கரண்டியை நோக்கிப் போனது. ஒரு விரற்கடைதான் பாக்கி. வாசலில் மூச்சு வாங்க ஓடி வந்து நின்ற மகளை அவர் கண் பார்த்தது. கை அப்படியே திசை மாறி, அடுப்பின் ஸ்விட்சை அணைத்தது. பிறகு ஜன்னலைத் திறந்தது. பிறகு மறுபடியும் முதுகுக்குப் பின்னால் போய்க் கட்டிக்கொண்டது.

"அடி பிடிச்சதச் சுரண்டாதீங்க தம்பி. மேல இருக்கிறத மட்டும் வேற சட்டிக்கு மாத்துங்க. நல்லா வரும், பயப்படாதீங்க," என்றார்.

அலாரம் கேட்டு எல்லோரும் அவரவர் சட்டியோடு புல்வெளிக்கு வந்துவிட்டிருந்தார்கள். தீ என்று நினைத்தவர்கள் உயிரைவிடக் குழம்பைத்தான் முதலில் காப்பாற்றியிருந்தார்கள். விடுதியின் மேலாளர் அம்மாள் வேகமாக வந்தார். என்ன நடக்கிறது என்று விசாரித்தார். அறையில் சமைக்கலாம் என்று நீங்கள்தானே அடுப்பு வைத்திருக்கிறீர்கள் என்று கார்டு, பச்சைக் கொடி காட்டுகிற மிடுக்கோடு எடுத்துச் சொன்னார். அந்த அம்மாள் வரிசையாக இருந்த சட்டிகளையும், துணிப்பைகளையும் பார்த்தார். இனிமேல் ஜன்னலைத் திறந்து வைத்துச் சமையுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு, துணிப்பையெல்லாம் துவைத்துத் திரும்பி வர வேண்டும் என்று போகிறபோக்கில் சேர்த்துக்கொண்டார்.

வெளியே வந்தது வந்தாயிற்று, திரும்ப உள்ளே போவானேன் என்று யாரோ ஒரு போர்வையை விரித்தார்கள். இன்னொருவர் பக்கத்தில் இன்னொன்று. மாஸ்டருக்கு அவருடைய பிரம்பு நாற்காலி வந்தது. அவர் எழுந்து பரிமாறப் போனார். மகள் தோளைப் பிடித்து உட்கார வைத்தாள். அதற்குள் மனைவி, இவர் யார், என்ன வேலை, மண்டியில் என்ன செய்துவிட்டு வந்தார் என்பதையெல்லாம் கண் காது மூக்கு வைத்துச் சொல்லிப் புல்வெளியையே சிரிக்க வைத்திருந்தார். ஆளுக்கொரு கிண்ணமாக அவர் முன்னால் வந்து சேர்ந்தது. கார்டு வீட்டுக் கோஸ் வறுவல், கடைசி வீட்டு முட்டை, மனைவியின் அளவான சோறு. எதற்கும் அவர் வெங்காயம் நறுக்கவில்லை. எதற்கும் அவர் தீ கூட்டவில்லை.

மகளைக் காணோம் என்று தேடினார். வரவேற்பு மேசையிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தாள். நாலு நாளும் இருக்கிறோம் என்று சொல்லிவிட்டதாக அம்மாவிடம் சொன்னாள். சொல்லிவிட்டு அப்பாவுக்கு எதிரில், புல்லில், சம்மணமிட்டு உட்கார்ந்தாள். வேறு எதையும் பார்க்கவில்லை. அவர் சாப்பிடுவதையே பார்த்தாள்.

கடைசியாகப் புது மாப்பிள்ளை, இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, தன் தக்காளி சூப்பைக் கொண்டு வந்து வைத்தான். கிண்ணம் இன்னும் தரையில் இறங்கவில்லை, ஆவி மாஸ்டர் மூக்கில் பட்டது. உப்பு கூடுதல். கொஞ்சநஞ்சமில்லை, கேன்டீனாக இருந்தால் அண்டாவோடு கவிழ்த்திருப்பார். அடியில் கருகல் வாசனை வேறு. பையன் நகராமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். புதுப்பெண் நகத்தைக் கடித்தாள். மனைவி, சிரிப்பை அடக்கப் போர்வையின் நூலைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

மாஸ்டர் கிண்ணத்தைத் தூக்கி, ஒரே மூச்சாகக் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டார். வெறும் கிண்ணத்தைப் பையனிடம் நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம் இருக்கா தம்பி?"