மன்னிப்பு கோருதல் தொடர்பாக

நைனாவுக்கும் மாமாவுக்கும் பேச்சு நின்றுபோனது ஆடிக் கிருத்திகை அன்று. அக்காவுக்காக வேண்டிக்கொண்ட காவடி அது. காவடியைத் தோளில் வைத்துக்கொண்டு நைனா மலையடியில் நிற்கிறார். வெயில் ஏறுகிறது, பின்னால் வருகிற கூட்டம் தள்ளுகிறது, பூக்கூடையோடு வரவேண்டிய மாமாவைக் காணோம். மணவூரில் அவர் ஏறவேண்டிய ரயில் தாமதம். ஒருவழியாக ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தவரிடம், சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும், "உங்க வூட்டு ஆளுங்களே இப்டித்தான். நம்பி ஒரு காரியம் எடுக்க முடியாது" என்று நைனா சொல்லிவிட்டார். மாமா பூக்கூடையை அம்மாவின் கையில் கொடுத்துவிட்டு, மலை ஏறாமலே திரும்பிப் போய்விட்டார்.

அம்மாவுக்குக் கூடப்பிறந்தவர் அந்த ஒரு தம்பிதான். "பாவா, பாவா" என்று நைனாவையே சுற்றி வந்தவர். அதற்குப் பிறகு நைனா போன் செய்தால் எடுப்பதில்லை. அம்மா செய்தால் எடுப்பார், சாப்பிட்டியாக்கா என்பார். பாவா பேச்சு வந்த உடனே அவருக்கு ஏதாவது வேலை வந்துவிடும். இதற்கிடையில் அக்காவுக்குத் தை மாதம் கல்யாணம் என்று முடிவாயிற்று. "மாமா வராம நான் மணையில ஒக்கார மாட்டேன்" என்று அக்கா சொன்னாள். நைனாவைப் பார்த்துச் சொல்லவில்லை, கண்ணாடியைப் பார்த்துச் சொன்னாள்.

கரும்பு வெட்ட ஆள் கிடைக்காத நாட்களில்கூட நைனா அப்படி யோசித்து நான் பார்த்ததில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னிடம் வந்து, "லெட்டர் அடிக்கக் கத்துக்கினியாமே. மாமாவுக்கு ஒன்னு அடி" என்றார். நேரில் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. கையால் எழுதலாம் என்றால் அவர் எழுத்தை அவராலேயே படிக்க முடியாது.

நான் அப்போது எட்டாம் வகுப்பு. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் விடுமுறை நாட்களில் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். அந்த வாரம்தான் கடிதப் பாடம் முடிந்திருந்தது. அக்காவுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த லேப்டாப்பைத் திறந்து, எனக்குத் தெரிந்த ஒரே கடித வடிவத்தில் ஆரம்பித்தேன். இடது பக்கம் அனுப்புநர், அதன் கீழே பெறுநர். "மதிப்பிற்குரிய ஐயா." அதற்கும் கீழே, நடுவில், தடித்த எழுத்தில்: "பொருள்: மன்னிப்பு கோருதல் தொடர்பாக."

நைனா அதை இரண்டு முறை படித்தார். மின்வாரியத்துக்கு மனு எழுதுவது போல மைத்துனனுக்கு எழுதுவதில் அவருக்கு எந்தச் சங்கடமும் இருந்ததாகத் தெரியவில்லை. உண்மையில் கொஞ்சம் நிம்மதியாகவே இருந்தது போலிருந்தது. "ஆங், நல்லாக்கீது. மேல போ" என்றார்.

மன்னிப்பு என்ற சொல்லை மட்டும் சிவப்பாக்கி, அடிக்கோடு போட்டு, பெரிதாக்கிக் காட்டினேன். "இன்னா இது, கட்டவுட்டு மாதிரி கீது? கொறை" என்றார். குறைத்தேன். இன்னும் என்றார். மற்ற எழுத்துகளோடு எழுத்தாக அது கலந்து போன பிறகுதான் விட்டார்.

பிறகு அவர் சொல்லச் சொல்ல அடித்தேன். பிடிக்காத வரியை அழிக்கலாம் என்று தெரிந்ததும் நைனாவுக்குக் குஷி பிறந்துவிட்டது. தாளில் எழுதினால் அடித்தல் திருத்தல் தெரியும். இதில் சொல்லிப் பார்த்துவிட்டு, சொல்லவே இல்லை என்று ஆக்கிவிடலாம். "நீயும் கொஞ்சம் முன்னாடி கெளம்பியிருக்கலாம்" என்று ஒரு வரி சொன்னார். அடுப்படி வாசலில் நின்றிருந்த அம்மா, "அத்த எடு" என்றாள்.

"நெஜம்தானே?"

"நெஜமா இருந்தா இன்னா? எடும்மா நீ."

எடுத்தேன். "நீ திரும்பிப் போனதுலேந்து உங்க அக்கா சரியா சாப்புடல" என்றார். என் பேரை ஏன் இழுக்கிறீங்க என்று அம்மா அதையும் எடுக்கச் சொன்னாள். "காவடியோட படியேறும்போது உன்னத்தான் திரும்பித் திரும்பிப் பாத்தேன்" என்ற வரியைச் சொல்லிவிட்டு, நான் அடித்து முடிப்பதற்குள், "வேணாம், அழி" என்று அவரே சொன்னார். "நீ இல்லாம பந்தல்ல எனக்கு யாருடா" என்பதும் அப்படித்தான் போயிற்று. கடைசியில் மிஞ்சியது, நடந்ததற்கு வருந்துகிறேன், திருமணத்திற்குக் குடும்பத்துடன் வருகை தர வேண்டுகிறேன் என்ற இரண்டு வரிகள். இரண்டு ஓரமும் ஒரே நேராக வரும்படி வரிகளைச் சீர்செய்தேன். அப்படி ஒரு அழகான கடிதத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

பென்டிரைவில் போட்டுக்கொண்டு ஜெராக்ஸ் கடைக்குப் போனோம். அங்கேதான் அது நடந்தது. செய்கிற ஒவ்வொரு திருத்தத்தையும் மறக்காமல் வைத்துக்கொள்ளும் ஒரு பொத்தான் உண்டு என்பதை எங்கள் வகுப்பில் இன்னும் சொல்லித்தரவில்லை. நான் எப்போதோ அதை அமுக்கியிருக்கிறேன். வீட்டுத் திரையில் ஒளிந்திருந்ததெல்லாம் கடையின் தாளில் வெளியே வந்துவிட்டது. அழித்த வரிகள் அத்தனையும் சிவப்பாக, நடுவில் ஒரு கோடு கிழித்து, தெளிவாகப் படிக்கும்படி நின்றன. என் நேரான ஓரங்களைக் காணவே காணோம்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. கடைக்கார அக்கா தாளைப் பார்த்துவிட்டு, "அடிச்ச வரியெல்லாம் இல்லாமலும் எடுக்கலாம்ணா. எடுக்கவா?" என்று கேட்டாள். நைனா தாளை வாங்கி வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். வெகுநேரம் படித்தார். பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு ஒட்டினாற்போல் போனதுகூட அவருக்குத் தெரியவில்லை.

"வேணாம்மா. இதுவே இருக்கட்டும்" என்றார்.

நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். பரீட்சையில் இப்படிக் கொடுத்தால் மார்க்கே போட மாட்டார்கள் என்றேன். நைனா தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு ரயில் ஏறிவிட்டார்.

மணவூரில் மாமா வீட்டு வாசலிலேயே நின்றிருந்தார். வாங்க என்று என்னைப் பார்த்துத்தான் சொன்னார். நைனா தாளை நீட்டினார். மாமா மேலேயிருந்து படித்துக்கொண்டே வந்தார். மதிப்பிற்குரிய ஐயாவில் அவர் மீசை லேசாக அசைந்தது. பிறகு அசையவில்லை. ஓரிடத்தில் நின்று, திரும்ப மேலே போய், மறுபடியும் அங்கேயே வந்து நின்றார்.

"இந்த வரிய ஏன் பாவா அடிச்சீங்க?"

"எது?"

மாமா விரலை வைத்துக் காட்டினார். நைனா எட்டிப் பார்த்துவிட்டுத் தெருப் பக்கம் திரும்பிக்கொண்டார். "அது… நானேதான் அடிச்சேன்" என்றார்.

"முன்னாடி கெளம்பியிருக்கலாம்னு எழுதிக்கிறீங்களே, அது?"

"அது உங்க அக்கா அடிக்கச் சொன்னது."

மாமா சிரித்தார். சிரிப்பு பாதியில் வேறு மாதிரி ஆகி, தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "உள்ள வாங்க பாவா. வெயில்ல நின்னுகினு" என்றார். அன்று அங்கே கோழிக்குழம்பு. இருவரும் ஒருவர் இலையைப் பார்த்து ஒருவர், போடு போடு என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

எனக்கு மட்டும் மனசு ஆறவில்லை. இவ்வளவு கெட்டுப்போன கடிதத்தைப் பார்த்தும் கோபித்துக்கொள்ளாத மாமாவின் பெருந்தன்மைதான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. அடுத்த வகுப்பில் அந்தப் பொத்தானைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொண்டு, சிவப்பு வரி ஒன்றுகூட இல்லாமல் சுத்தமான பிரதி எடுத்து வைத்தேன். அக்காவின் கல்யாணத்துக்கு, பந்தல்கால் நடும்போதே மாமா வந்து நின்றார். ஓடிப்போய் நீட்டினேன். அவர் பிரித்தும் பார்க்காமல், "நல்லாக்கீதும்மா" என்று சொல்லிப் பைக்குள் வைத்துக்கொண்டு நைனாவைத் தேடிப் போனார். படிக்காமலே எப்படி நன்றாக இருக்கிறது என்று சொல்லலாம் என்று, அன்று சாயங்காலம் வரைக்கும் நான் அவரோடு பேசவில்லை.