நீல பக்கெட்

எங்கள் காலடிப்பேட்டைத் தெருவில் மாடி ரூமுக்குக் குடிவந்த கொரியாக்காரரை எல்லாரும் 'சார்' என்றுதான் கூப்பிடுவோம். எண்ணூர் துறைமுகத்தில் இன்ஜினியர். ஒல்லியான உடம்பு, விடிந்ததுமே மடிப்புக் கலையாத சட்டை, கையில் ஒரு நீல பக்கெட்.

முதல் நாள் தண்ணி லாரிக்கு வந்தவர், வரிசையாக வைத்திருந்த எங்கள் காலிக் குடங்களையெல்லாம் தாண்டிப்போய் முதல் ஆளாக நின்றுகொண்டார். வாசலில் இருந்து பார்த்த எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இன்னா சார், இத்தினி பேரு வரிசைல கீறோம், நீ பாட்டுக்கு முன்னால போய் நிக்கிற?"

அவர் தெருவை மேலும் கீழும் பார்த்தார். "யாரும் இல்லை, அக்கா," என்றார், தட்டுத்தடுமாறிய தமிழில்.

"இந்தக் கொடம்லாம் இன்னாவாம்? அதான் நாங்க. உன் பக்கெட்ட கடைசில வெச்சிட்டுப் போய் நாஷ்டா துன்னு."

"யார் பார்க்கும்?"

"யாரும் பாக்க மாட்டாங்க. யாரும் தொடவும் மாட்டாங்க."

வைத்தார். ஆனால் போகவில்லை, பக்கத்திலேயே நின்றார். ஒரு மாசம் அப்படித்தான். பிறகு ஒருநாள் வரிசையில் பக்கெட் மட்டும் நின்றது. அவர் மாடியில் நிதானமாகப் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்குத்தான் அவர் குடிவந்ததாக எனக்குத் தோன்றியது.

வேலை முடிந்து ஊருக்குப் போனபோது பக்கெட்டை மாடிப்படிக்குக் கீழேயே விட்டுவிட்டுப் போனார். அடுத்த லாரிக்கு அதை யார் எடுத்துவந்து வரிசையில் வைத்தார்களோ, தெரியாது. நானும் கேட்கவில்லை. என் குடத்தை நகர்த்தியபோது அதையும் கூடவே நகர்த்தி வைத்தேன்.