மழை விழுந்த பாசித்தொட்டி

"...மானத்துலேர்ந்து விழுற மழத்தண்ணி ரோட்டோட போறதப் பாத்துக்கிட்டு இருக்க மனசு வருமா அண்ணாச்சி? அதான் எங்க மாடிக் குழாய உங்க தொட்டிக்குத் திருப்பி விட்டேன். மூணு தொட்டியும் ரொம்பிட்டு!" என்றார் பக்கத்து வீட்டுத் தங்கச்சி. முகத்தில் அவ்வளவு பெருமை. நான் பசுவந்தனையில் ஒரு விசேஷத்துக்குப் போய்விட்டு, மத்தியான மழை விட்டபின் அப்போதுதான் பஸ் இறங்கியிருந்தேன்.

கோவில்பட்டிக்கு வெளியே, பால் சேகரிப்பு நிலையத்துக்குப் பின்னால் அந்தச் சிமெண்டுத் தொட்டிகளில் நான் வளர்ப்பது ஸ்பைருலினா என்கிற சுருள்பாசி. பால் கேன் கழுவிய தண்ணீர் முன்பெல்லாம் ஓடையில் தேங்கி நாறும். அதை வாங்கி வடிகட்டி, உவர்த்தண்ணீரும் சோடா உப்பும் கலந்து விதைப்பாசியை விட்டால், கொஞ்ச நாளில் தொட்டி கரும்பச்சையாகிவிடும். துணியில் வடித்துக் காயவைத்தால் கோழித்தீவனத்துக்கு அருமையான சரக்கு. யாரும் சொல்லித்தரவில்லை; செல்போனில் பார்த்து, நாலு தடவை கெடுத்துக் கற்றுக்கொண்டதுதான். "பாசியில வழுக்கி விழுந்தவனப் பாத்திருக்கேன், பாசிய வச்சு எந்திரிக்கப் போறேங்கிற ஆள இப்பதாம்ல பாக்கேன்" என்று டீக்கடையில் ஒருவர் சொன்னதை நினைத்தால் இன்னும் சிரிப்பு வரும்.

மறுநாள் காலையில் விளாத்திகுளத்துத் தீவனக்காரர் வருவதாக இருந்தது. தொட்டியைக் கண்ணால் பார்த்துப் பிடித்துப்போனால், மாதாமாதம் எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. தொட்டிகளோ வெளிறிக் கிடந்தன. கரிசலில் பிறந்த தங்கச்சி மழையை வீணாக விடுவாரா? அவரைக் கோபிக்க எனக்கு மனசு வரவில்லை.

"தங்கச்சி, இதுக்கு நல்ல தண்ணி ஆகாது. உப்பும் உவரும் இருந்தாத்தான் உசுரு."

"ஏ ஆத்தே! நல்ல தண்ணி ஆகாத சீவனும் உண்டா? நாளைக்கு அவிய வேற வாராவளே, கெடுத்துட்டேனே!"

"ஒண்ணும் கெடல. பொழுது கிடக்கு. தண்ணிய இறைச்சுத் துணியில வடிச்சு, பாசிய மட்டும் திரும்பப் போடுவோம். ஒரு தொட்டி தேறினாலும் அவியளுக்குக் காட்டப் போதும். உவர்த்தண்ணிக்குத்தான் வழியில்ல, நிலையத்து மோட்டாரு ரிப்பேரு."

"எங்க போர்த்தண்ணி வாயில வைக்க வெளங்காது. சோறாக்குனா மஞ்சளிச்சுப் போவுது. அது ஆவுமா?"

"அதேதான் வேணும்!"

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வீட்டுக்குள் ஓடினார். மோட்டார் உறுமியது. ஓஸ் பைப்பை மதிலுக்கு மேலே எறிந்துவிட்டு, வாளியோடு என் பக்கம் வந்து, முதல் தொட்டியில் இறங்கி இறைக்க ஆரம்பித்தார்.