கோட்டைக் கதவில் எழுதியிருந்தது

ஓசூரில் வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் தரப் பரிசோதனை வேலையில் இருந்தேன். செல்போனில் பாம்பு விளையாடுவதுதான் அப்போது எங்களுக்குத் தெரிந்த பெரிய விளையாட்டு. அந்தச் சமயத்தில் டிசைன் பிரிவு இன்ஜினியர் ஒருவர் பெங்களூரிலிருந்து வேறொன்றைக் கொண்டுவந்தார். தடிமனான ஆங்கில விதிப் புத்தகம் ஒன்று, பல முகங்கள் கொண்ட பகடைகள் சில. அவர் கதை சொல்லி நடத்துவார். நாங்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, "நான் மதில் ஏறுகிறேன்", "நான் வாளை உருவுகிறேன்" என்று சொல்ல வேண்டும். அது நடக்கிறதா என்பதைப் பகடை முடிவு செய்யும். கம்பெனியில் அவர் எனக்கு சார். ஞாயிற்றுக்கிழமை, அவர் வாடகை வீட்டில், அண்ணா.

அந்த ஆட்டத்தில் பெயர் வைப்பதற்கு முன்பே இனத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பர்ச்சேஸ் பிரிவில் இருந்த கன்னடக்காரர் எல்ஃப் ஆகிவிட்டார். கூரான காது, நீண்ட ஆயுள், பிறவியிலேயே அறிவு. என் அறைத்தோழி திருநெல்வேலிக்காரி. அவள் பாறை குடையும் குள்ளர் இனம். ஷிப்ட் முடிந்து நான் போய்ச் சேர்ந்தபோது மிச்சமிருந்தது ஓர்க். பச்சைத் தோல், வெளியே நீட்டிய கோரைப்பல்.

"உனக்கு இதுதாம்மா கரெக்ட். தைரியமான பொண்ணு" என்றார் அண்ணா.

புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். ஓர்க் என்றால் பலத்தில் இரண்டு கூட்டு. அறிவில் இரண்டு கழி. கீழே சின்ன எழுத்தில்: எழுதப் படிக்கத் தெரியாது.

எனக்குச் சுரீரென்றது. ராயக்கோட்டைப் பக்கம் தக்காளி போடுகிற எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். டிப்ளமா முடித்தவள். விளையாட்டுக்குக்கூட எழுத்தை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. என் ஓர்க் படித்தவளாக இருக்க வேண்டும் என்றேன். விதி இடம் கொடுக்காது என்றார் அவர்.

"ஏண்ணா, ஓர்க் பள்ளிக்கூடம் போனா?"

"போக மாட்டாம்மா. அது அந்த இனத்தோட குணம். அப்பதான் ஒவ்வொரு இனத்துக்கும் வித்தியாசம் இருக்கும், ஆட்டம் நல்லா இருக்கும்."

வித்தியாசம் வேண்டும்தான், மறுக்கவில்லை. இருட்டில் கண் தெரியும் என்று வையுங்கள். இறக்கை கொடுங்கள். தண்ணீருக்குள் மூச்சு விட வையுங்கள். அதெல்லாம் உடம்போடு வருவது. ஆடுகிறவருக்கு அதை வைத்து யோசிக்க வழி கிடைக்கும். படிப்பும் பேச்சும் உடம்போடு வருவதா? வளர்ந்த இடத்தில் வருவது அது. எங்கள் ஊர்ச் சந்தையில் தக்காளிக் கூடை தூக்குகிறவர் தமிழில் விலை கேட்டு, தெலுங்கில் திட்டி, கன்னடத்தில் பேரத்தை முடிப்பார். அந்தப் புத்தகத்தில் அவரைப் போட்டால் ஒற்றை மொழியும் பெரிய தோளும்தான் மிஞ்சும்.

இதைவிட என்னைக் கொதிக்க வைத்தது இன்னொன்று. அண்ணா ஒவ்வோர் இனத்துக்கும் ஒரு குரல் வைத்திருந்தார். எல்ஃப்கள் இங்கிலீஷில் பேசினார்கள். ஓர்க் காவலாளி வந்ததும் தொண்டையைக் கரகரப்பாக்கி, "இன்னாத்துக்கு இங்க வந்துகினு கெடக்கறீங்கோ" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அது எங்கள் வீட்டில் பேசுகிற பேச்சு.

அன்றைக்கு மதியம் எங்கள் கூட்டம் ஒரு மலைக்கோட்டையை அடைந்தது. கதவு பூட்டியிருந்தது. கதவின் மேல் ஏதோ செதுக்கியிருக்கிறது என்றார் அண்ணா. என்ன மொழி என்று கேட்டேன்.

"ஓர்க் மொழி. இந்தக் கோட்டையக் கட்டினதே ஓர்க்குகள்தான்."

"அப்ப நான் படிக்கறேன்."

"உனக்குத்தான் படிக்கத் தெரியாதே. எல்ஃப் உருட்டட்டும். அவர் பல மொழி கத்துக்கிட்டவர்."

கன்னடக்காரர் பகடையைக் கையில் எடுத்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"இருங்க. ஓர்க்குக்கு எழுத்தே தெரியாதுன்னா இத யார்ணா செதுக்கினது? யார் படிக்கறதுக்குச் செதுக்கினாங்கோ?"

அண்ணா புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார்.

"ஏட்டி, அவர் இன்னைக்கு முழுக்கத் தேடினாலும் கெடைக்காது" என்றாள் என் தோழி. "டீயாவது போடச் சொல்லு."

அண்ணா புத்தகத்தை மூடினார். "சரிம்மா, உனக்கு மட்டும் ஒரு சலுகை. உன் ஓர்க் படிப்பா. அவ மத்த ஓர்க் மாதிரி இல்ல. போதுமா?"

போதுமாவா? வேலைக்கான நேர்காணலுக்கு வந்தபோது எதிரே உட்கார்ந்திருந்த அதிகாரி என் சான்றிதழ்களைப் பார்த்துவிட்டு, "நீ உங்க ஊர்ப் பொண்ணுங்க மாதிரியே இல்லம்மா" என்றார். பாராட்டு என்று நினைத்து நன்றி சொன்னேன். அந்த நன்றியை இப்போது திருப்பி வாங்கிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

"என் ஆளுக்கு ஒரு தங்கச்சி இருந்தா அவ படிப்பாளா?"

"அது கதையில இல்லையேம்மா."

"அப்ப எனக்கும் வேணாம். அந்த விதியவே அடிச்சிடுங்க. இல்லன்னா நான் உருட்ட மாட்டேன்."

"மேடம், ஒந்தே ஒந்து சல, ஒரே ஒரு தடவ உருட்டிடுங்க, உள்ள போயிடலாம்" என்றார் கன்னடக்காரர் கெஞ்சலாக. நான் பையை எடுத்துக்கொண்டேன். என்ன மனுஷி இவள், விளையாட்டுக்குப் போய் இப்படியா என்ற பார்வை முதுகில் ஒட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை வந்தது. விளையாட்டுதானே என்றால், விளையாட்டிலும் ஏன் எங்களுக்கே கழிக்கிறீர்கள்?

அடுத்த ஞாயிறு எல்ஃப் பகடை உருட்டி, கதவு திறந்துவிட்டதாம். திங்கட்கிழமை கேன்டீனில் சாரிடம் கேட்டேன், "அதுல என்ன சார் எழுதியிருந்தது?"

சாம்பார் வாளியைத் தன் பக்கம் இழுத்தபடி யோசித்தார். "ஒண்ணும் எழுதலம்மா. நம்பர் விழுந்தா கதவு தொறக்கும். அவ்வளவுதான்."

ஒரு வரிகூட யோசித்து வைக்கவில்லை! ஒரு இனமே சேர்ந்து கோட்டை கட்டிக் கதவில் செதுக்கியிருக்கிறது, அது என்னவென்று அதை உருவாக்கியவருக்கே அக்கறையில்லை. தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

அந்த வாரமே தோழியோடு உட்கார்ந்து எங்கள் விதியை எழுதினேன். இனம் உடம்பை மட்டும் தரும். மற்றதெல்லாம், எங்கே வளர்ந்தாய், யாரோடு பழகினாய் என்று கேட்ட பிறகுதான். எங்கள் விடுதி அறையில் பெண்களை உட்கார வைத்து நானே ஆட்டம் நடத்தினேன். கதைக்கு முன்னால், காட்டுக்கும் மலைக்கும் முன்னால், கதவில் இருப்பதை எழுதி முடித்துவிட்டேன்.

எங்கள் பக்கத்துச் சாமல்பட்டிப் பெண் ஒருத்தி ஓர்க்காக வந்தாள். கதவை அடைந்ததும், "இன்னா எழுதிகீதுக்கா?" என்றாள். பகடையை எடுக்காதே, நீயே படி என்று துண்டுச் சீட்டை நீட்டினேன். சத்தமாகப் படித்தாள்:

"தள்ளாதே, கீல் போய்விடும். இழுத்துத் திற."